பாட்டியின் பாட்டும் பல தடப் பதிவும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் இசைக் குழுவின் சார்பில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

வீட்டுக்கு வீடு எடுத்துச் சென்று பாட்டைப் பதிவு செய்வதற்கேற்ற கருவியொன்றைச் சங்கத்தின் செலவில் வாங்குவதென்று நிர்வாகக் குழு தீர்மானித்தது. எதை வாங்கலாம் என ஆய்ந்து சொல்லும் பொறுப்பு இசைக் குழுவினராகிய எங்களிடம் வந்தது. கடைக்காரர் சொல்வதைக் கேட்டு வாங்கினால் பணம் ஒரு பக்கமும் பயன் ஒரு பக்கமுமாகப் போய்விடும் என்ற அச்சத்தினால், சற்று விரிவாகவே ஆராய்ந்தோம். கண்டவற்றை இப்போது உங்கள் முன் வைக்கின்றோம்.

இதற்கு இத்தனை அவசரம் என்ன என்று சிலர் கேட்கலாம். இந்த ஆலை நகரில் நாம் குடியிருப்பது சொந்த மண்ணன்று, குவார்ட்டர்ஸ். குடும்பத் தலைவர் பணி ஓய்வு பெற்றால் வீட்டைக் காலி செய்து ஊர் திரும்ப வேண்டியதுதான். இவ்வாண்டில் மட்டும் மூன்று குடும்பங்கள் புறப்படுகின்றன. அவற்றுள் ஒன்றில் எழுபத்தொன்பது வயதுப் பாட்டி ஒருவர் இருக்கின்றார். நலங்குப் பாட்டும் ஊஞ்சற் பாட்டும் தாலாட்டும் அவர் நெஞ்சிலேயே இருக்கின்றனவேயன்றி எந்த ஏட்டிலும் இல்லை. சித்திரையில் அவர் கும்பகோணம் போய்விடுவார். அதற்குள் பதிவு செய்தாக வேண்டும்.

‘கையில் கைப்பேசி இருக்கும்போது வேறு கருவி எதற்கு?’ என்பது அடுத்து எழும் வினா. நியாயமான வினாவே. ஒருவர் தனித்துப் பாடுவதைக் கேட்டு மகிழக் கைப்பேசியே போதும். ஆனால் கைப்பேசியின் சாதாரணப் பதிவில் பாட்டு, மிருதங்கம், சுருதிப்பெட்டி, அடுக்களைக் குக்கரின் விசில் ஆகிய யாவும் ஒன்றாய்க் கலந்துவிடும். கலந்த பாலிலிருந்து நீரைப் பிரிக்க அன்னப்பறவையா நம்மிடம் இருக்கிறது? பல தடப் பதிவிலோ ஒவ்வோர் ஒலியும் தனித்தனித் தடத்தில், அதாவது டிராக்கில், தங்குகின்றது. மிருதங்கம் மிகுந்தால் பிறகு அதை மட்டும் குறைக்கலாம். இன்று பாட்டி பாடியதைக் கேட்டுக்கொண்டே அடுத்த மாதம் பேத்தி வயலின் வாசித்துச் சேர்க்கலாம். பாட்டியின் குரலுக்கு ஓர் ஊறும் நேராது.

இம்முறை புதியதன்று. 1957-இல் அமெரிக்காவின் ஆம்பெக்ஸ் நிறுவனம் எட்டுத் தட நாடாக் கருவியொன்றைச் செய்து, லெஸ் பால் என்னும் கிட்டார்க் கலைஞருக்கு வழங்கிற்று. அது அலமாரியளவு பெரிது. விலையும் சாமானியர் எட்ட முடியாதது. 1979-இல் டியாக் நிறுவனம் சாதாரண காசெட்டில் நான்கு தடங்களைப் பதியும் போர்ட்டாஸ்டுடியோ 144 என்னும் கருவியை வெளியிட்ட பிறகே இக்கலை வீட்டுக்குள் நுழைந்தது. புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்னும் புகழ்பெற்ற பாடகர் 1982-இல் நியூ ஜெர்சியிலிருந்த தம் வீட்டில் அக்கருவியைக் கொண்டு முன்மாதிரியாகப் பதிந்து வைத்த பாடல்களே, அவ்வாண்டில் ‘நெப்ராஸ்கா’ என்ற இசைத்தட்டாக வெளிவந்தன. நான்கே தடங்கள்! இருபத்து நான்கு இல்லையே என்று ஏங்குவோர் இதை நினைவில் வைக்க வேண்டும்.

கணினியைக் கொண்டே செய்யலாமே என்று நம் இளைஞர்கள் சொல்கின்றனர். உண்மைதான். மடிக்கணினி ஏற்கெனவே வீட்டில் இருந்தால், மைக்கை அதனோடு இணைக்கும் சிறு பெட்டியொன்று வாங்கினால் போதும்; செலவும் குறைவு, வசதியும் மிகுதி. எனினும் எங்கள் பயனுக்கு அது ஒத்துவராது என்றே முடிவு செய்தோம். வீட்டுக் கணினி பெரும்பாலும் பிள்ளையின் படிப்புக்கு உரியது. பாடப் போகும் நேரத்தில்தான் அது தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கும். அதன் விசிறியின் இரைச்சல் வேறு. சரியாக அமைக்காவிட்டால் பாடுவோர் குரல் ஹெட்போனில் ஒரு நொடிப்பொழுது பிந்தி அவர் காதுக்கே திரும்பும்; தாளம் தடுமாறிப் போகும். தனிக் கருவியிலோ ஒரு சிவப்புப் பொத்தான், அழுத்தினால் பதிவு. திரையைக் கண்டு கூசுகின்ற பாட்டியும் அதைக் கண்டு கூசமாட்டார்.

இனி, கருவியைத் தேர்ந்தெடுப்பதில் பலரும் இடறும் இடத்துக்கு வருகின்றோம். பெட்டியின் மேல் ‘8 டிராக்’ என்று அச்சிட்டிருந்தால் எண்மர் ஒருங்கே பாடலாம் என்று கொள்கின்றனர். அன்று. எத்தனை தடங்கள் என்பது வேறு. ஒரே நேரத்தில் எத்தனை மைக்குகளைத் தனித்தனியே பதியலாம் என்பது வேறு. டாஸ்காமின் டி.பி.-008இ.எக்ஸ் எட்டுத் தடக் கருவி. ஆனால் ஒரு வேளையில் இரண்டுதான் பதியும். ஜூம் நிறுவனத்தின் ஆர்4 நான்கு தடம். அதற்கும் ஒரு வேளையில் இரண்டே. அந்நிறுவனத்தின் ஆர்20 பதினாறு தடம். ஒரு வேளையில் எட்டு. டாஸ்காமின் டி.பி.-24எஸ்.டி. இருபத்து நான்கு தடம். அதுவும் ஒரு வேளையில் எட்டே. ஆகவே கடையில் முதலில் கேட்க வேண்டிய வினா இந்த இரண்டாவது எண்ணைப் பற்றியதே.

அந்த எண் நமக்கு எவ்வளவு வேண்டும் என்பதைக் கருவியன்று, நம் பாட்டே தீர்மானிக்கும். குழந்தைகளின் கோரஸையோ மெல்லிசையையோ ஒருவர் பின் ஒருவராகப் பதிந்து அடுக்கலாம்; இரண்டு மைக் போதும். கருநாடக இசைக் கச்சேரியை அவ்வாறு அடுக்க இயலாது. பாடகர் கற்பனைச் சுரம் பாடுகையில் வயலின் அதை வாங்கித் திருப்பித் தருகிறது. மிருதங்கம் இருவர் முகத்தையும் பார்த்துத் தீர்மானம் வைக்கிறது. நேற்றைய சுரத்துக்கு இன்று மிருதங்கம் வாசித்தால் அது வாசிப்பாகாது, ஒட்டுப்போடுதலாகும். கச்சேரிக்கு நான்கு மைக்குகளாவது ஒருங்கே பதியும் கருவி வேண்டும். அப்போதும் ஒருவர் மைக்கில் மற்றவர் ஒலி புகத்தான் செய்யும். பாடுவோர் வாயிலிருந்து மைக் எவ்வளவு தூரமோ, அதைப்போல் மும்மடங்கேனும் தள்ளி அடுத்த மைக் இருந்தால் புகுதல் குறையும்.

பாட்டியின் பாட்டு இவ்விரண்டிலும் சேராதது. ஸ்டுடியோக்களில் பெரும்பாலும் தாளத்தை முதலில் பதிந்து, அதன்மேல் பாடச் சொல்வார்கள். தாலாட்டுப் பாடும் மூதாட்டியின் காதில் ஹெட்போனை மாட்டி, ‘டிக் டிக்’ என்ற ஓசைக்கு ஏற்பப் பாடச் சொன்னால் பாட்டும் போம், பாட்டியும் எழுந்து போய்விடுவார். எனவே அவர் குரலே முதல் தடம். அவர் விரும்பும் சுருதியில், அவர் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டு, அவர் பாடட்டும். தாளமும் வயலினும் பிறகு அவரைத் தொடர்ந்து வரட்டும். நலங்கில் எதிர்ப்பாட்டுப் பாட மருமகள் உடன் அமர்ந்தால் இரண்டாவது மைக் அவருக்கு.

மற்றொன்று ஒலி அளவைப் பற்றியது. மூதாட்டியர் முணுமுணுப்பாகத் தொடங்கி, திடீரெனக் குரலை ஓங்குவர். பழைய வகைக் கருவிகளில் அளவைக் கூட்டி வைத்திருந்தால் ஓங்கிய இடத்தில் ஒலி உடைந்து கரகரக்கும்; பின்னர் எவராலும் அதைச் சீராக்க முடியாது. ‘32 பிட் ஃப்ளோட்’ என்னும் முறையில் பதியும் கருவிகளில் இவ்வச்சம் பெரிதும் இல்லை. ஓங்கியதைப் பிறகு தணிக்கலாம், மெலிந்ததை உயர்த்தலாம். மேற்சொன்ன ஆர்4 இவ்வகையினது. அளவு காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டிருக்கத் தேர்ந்த ஆள் இல்லாத நமக்கு, இதற்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது தகும். ஆயினும் கூலரின் இரைச்சலை இம்முறை போக்கிவிடும் என்று எவரும் எண்ண வேண்டா. கூலரை நிறுத்துவதே அதற்கு மருந்து. நம் மேடையில் உள்ள சாதாரண டைனமிக் மைக்கை வாய்க்கருகே வைப்பது துணை மருந்து. அவ்வகை மைக்குகளில் பெரும்பாலானவற்றுக்குக் கருவியிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் கொடுக்க வேண்டியதுமில்லை, பேட்டரியும் மிஞ்சும்.

பேட்டரி என்றதும் ஒரு செய்தி. ஒப்பாரியையும் பதிந்து வைக்க வேண்டுமென நாங்கள் கேட்டபோது, நல்ல வீட்டில் அதைப் பாடலாகாது என்று தாய்மார்கள் மறுத்துவிட்டனர். கோயில் மண்டபமும் கூடாதென்றனர். அவர்கள் சொல்வது முறைதான். மைதானத்துக்கு அப்பாலுள்ள வேப்பமரத்தடியில் பாடித் தருவதாக இருவர் இசைந்துள்ளனர். மரத்தடியில் பிளக் பாயின்ட் ஏது? நான்கு ‘ஏஏ’ பேட்டரியில் ஓடும் கருவியே அங்கு உதவும். டி.பி.-24எஸ்.டி. போன்றவை அடாப்டர் இன்றி இயங்கா.

பதிவானவற்றைக் காப்பதும் கருவி வாங்குவதோடு சேர்ந்ததே. ‘வாவ்’ என்னும் கோப்பு வடிவம் 1991 முதல் இருந்து வருகிறது. எல்லாக் கணினிகளும் அதைப் படிக்கும். சில கருவிகள் தமக்கே உரிய முறையில் எழுதி வைக்கும். அவற்றிலிருந்து வாவாக மாற்றி எடுக்காவிட்டால், கருவி பழுதாகும் நாளில் பாட்டும் பூட்டிய பெட்டிக்குள் கிடக்கும். 48,000 மாதிரி, 32 பிட் என்று பதிந்தால் ஒரு தடத்துக்கு நிமிடத்துக்குச் சுமார் 11.5 எம்.பி. ஆகும், இரு தடம் ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 1.4 ஜி.பி. ஒரு சிறு மெமரி கார்டே பல மாலைகளுக்குப் போதும். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் பாடுபவர் தம் பெயர், பிறந்த ஊர், பாட்டை யாரிடம் கற்றார், அன்றைய தேதி ஆகியவற்றைத் தம் வாயாலேயே சொல்லட்டும். காகிதக் குறிப்பு தொலையும். இது பாட்டோடு ஒட்டியே இருக்கும். படிகள் இரண்டு, இரு வேறு வீடுகளில் இருத்தல் வேண்டும்.

ஆகவே எங்கள் பரிந்துரை இது: இரண்டு மைக் பதியும், பேட்டரியில் ஓடும், 32 பிட் ஃப்ளோட் வகைச் சிறு கருவி ஒன்றை இப்போது வாங்குக. கச்சேரிக்குரிய எட்டு மைக் கருவியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். கச்சேரி அடுத்த ஆண்டும் நடக்கும். சில கையடக்கப் பதிவுக்கருவிகளில் முன்பு பதிந்ததைக் கேட்டுக்கொண்டே மேலும் பதியும் வசதி இராது. அது உண்டா என்பதைக் கடையிலேயே இயக்கிப் பார்த்துவிட வேண்டும். இந்தியாவில் பழுது நீக்கித் தருவோர் யார் என்பதையும் பில்லில் எழுதி வாங்குவது நலம்.

கருவி வந்ததும் முதல் இரண்டு வாரமும் கும்பகோணம் செல்லவிருக்கும் பாட்டியின் வீட்டிலேயே இருக்கும். அதன்பின் முறை வேண்டுவோர் இன்றே செயலாளரிடம் பெயர் கொடுக்கலாம். ஒரு வீட்டுக்கு நான்கு நாள். பதிவு நடக்கும் மாலையில் பக்கத்து வீட்டாரும் தொலைக்காட்சியின் ஒலியைச் சற்றுக் குறைத்து உதவுமாறு வேண்டிக்கொள்கின்றோம்.