ஒரு கலைஞர், பல அரங்குகள்
கே. எஸ். பாலச்சந்திரனின் கலைவாழ்வும் நமக்குள்ள கடமையும்
(மட்டக்களப்பு வவுணதீவில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு)



கூத்தை உயிராக மதித்த ஒரு பெரியவரின் பேரில் நடக்கும் இந்த நினைவுப் பேருரைக்கு என்னை அழைத்தமைக்கு நன்றி. வலையிறவுப் பாலத்தைக் கடந்து படுவான்கரைக்கு வருகிற எவரும் இங்குள்ளவர்களுக்கு நடிப்பைப் பற்றி விளக்கம் சொல்லத் தயங்கவே வேண்டும். கன்னங்குடா போன்ற கூத்தூர்களை வைத்திருக்கிற மண் இது. ஆகவே உங்களுக்குத் தெரிந்ததைத் திருப்பிச் சொல்லாமல், வேறொரு கரையில் பிறந்த ஒரு கலைஞரை உங்கள் முன் நிறுத்த விரும்புகிறேன். அவர் கே. எஸ். பாலச்சந்திரன். 1944 ஜூலை 10ஆம் திகதி கரவெட்டியில் பிறந்தவர். உங்களுக்குப் பக்கத்துக் கரவெட்டி நினைவுக்கு வரும். இது யாழ்ப்பாணத்து வடமராட்சிக் கரவெட்டி. மேடை, வானொலி, திரைப்படம், தொலைக்காட்சி, நாவல் என்று அத்தனை இடத்திலும் உழைத்து, 2014 பெப்ரவரி 26ஆம் திகதி கனடாவில் கண்மூடினார்.

ஒருவர் பல துறைகளில் கால் பதித்தார் என்று பட்டியல் போடுவது எளிது. அந்தப் பல துறைகளையும் தாங்கி நின்ற ஆதாரம் எது என்பதே இன்றைய என் கேள்வி.

1. எழுதுவதும் ஆடுவதும்

எழுதுகிறவர் வேறு, நடிக்கிறவர் வேறு என்ற பிரிவினை நமக்குப் பிற்காலத்தில் வந்தது. கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரைப் பாருங்கள். ஆடுவோருக்குரிய பாட்டுகளை எழுதிக் கையளிக்கிற, சட்டங்கொடுக்கிற நாள் தொடங்கி அரங்கேற்றம் வரைக்கும் கூத்தின் முழுப் பாரமும் அவர் தோளில். யாருக்கு எந்தப் பாத்திரம் பொருந்தும் என்று குரலையும் உடற்கட்டையும் பார்த்து முடிவு செய்கிறவர் அவர். தாளக்கட்டைச் சொல்லிக் கொடுப்பார், மத்தளம் அடிப்பார், பாட்டுப் பிசகினால் திருத்துவார், தேவைப்பட்டால் ஏட்டில் நாலு வரி சேர்ப்பார்.

பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் பேராதனைப் பல்கலைக்கழக மாணவர்களைக் கொண்டு ‘கர்ணன் போர்’ கூத்தை மேடையேற்றியபோது, ஆட்டம் பழக்க வந்தவர் வந்தாறுமூலை செல்லையா அண்ணாவியார். அந்த மாணவர் கூட்டத்தில் இருந்த மட்டக்களப்புப் பிள்ளை சி. மௌனகுரு, பிறகு ‘இராவணேசன்’ கூத்தை எழுதி, இராவணனாகவும் தானே ஆடினார். எழுதிய கையும் சலங்கை கட்டிய காலும் ஒரே ஆளுடையவை. இந்த மரபைத் தெரிந்த உங்களுக்குப் பாலச்சந்திரனை விளங்கிக்கொள்வது சிரமமாக இராது.

2. வானொலி தந்த காது

பாலச்சந்திரன் அரச உத்தியோகம் பார்த்துக்கொண்டே கலையில் ஈடுபட்டவர். அந்தக் காலத்து ஈழத்துக் கலைஞர் பலரின் நிலையும் அதுதான். நடிப்பை நம்பி அடுப்பு எரிக்க முடியாத நாட்டில், பகலில் கந்தோர், இரவில் ஒத்திகை. அவருக்குக் கிடைத்த பெரிய பள்ளிக்கூடம் இலங்கை வானொலி. அங்கே அவருக்கு முன்பே ஒரு பாதை போடப்பட்டிருந்தது. சானா என்ற சண்முகநாதனின் ‘லண்டன் கந்தையா’, இலங்கையர்கோனின் ‘விதானையார் வீட்டில்’ ஆகிய நாடகங்கள் ஈழத்துப் பேச்சைக் கூச்சமின்றி ஒலிபெருக்கியில் ஏற்றியிருந்தன. மேடைத்தமிழ் என்றால் சென்னைத் தமிழ் என்றும், நகைச்சுவை என்றால் இந்தியப் படத்துப் பகிடி என்றும் பலர் எண்ணியிருந்த காலத்தில் அது சிறிய காரியம் அன்று.

சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ முதலில் திரைப்படத்துக்கென எழுதப்பட்ட சுவடி. அது வானொலித் தொடராக வந்து நாடு முழுவதும் வீடுகளுக்குள் நுழைந்தது. அதில் சோமுவாக நடித்தவர் பாலச்சந்திரன். பின்பு ‘வாத்தியார் வீட்டில்’ என்ற தொடரைத் தாமே எழுதினார்.

வானொலியில் முகம் இல்லை, உடுப்பு இல்லை, காட்சி இல்லை. பாத்திரத்தின் வயது, தொழில், ஊர், மனநிலை எல்லாவற்றையும் குரலும் சொல்லும் மட்டுமே காட்ட வேண்டும். ஒரு வாத்தியார் பேசுகிற விதம் வேறு, சந்தை வியாபாரி பேசுகிற விதம் வேறு, பெட்டையைக் கட்டிக்கொடுக்க நிற்கிற தகப்பன் பேசுகிற விதம் வேறு. யார் எந்த இடத்தில் சொல்லை விழுங்குவார், எந்த இடத்தில் இழுப்பார் என்று கவனித்த காதே பாலச்சந்திரனின் முதல் முதலீடு. எழுத உட்கார்ந்தபோதும் நடிக்க நின்றபோதும் அவர் எடுத்துச் செலவழித்தது அதையே.

3. பஸ் இல்லாத மேடையில் ஒரு பஸ்

‘அண்ணை றைற்’. இந்தப் பேரைச் சொன்னால் ஈழத்தமிழர் எந்த நாட்டில் இருந்தாலும் முகம் மலர்வார்கள். சாரதிக்குப் பஸ் கொண்டக்டர் கொடுக்கிற குரல் அது. பாலச்சந்திரன் தாமே எழுதி, தனியொருவராக நடித்த இந்த நகைச்சுவை நாடகம் மேடையில் வெற்றி பெற்று, ஒலிநாடாவாகவும் வீடுகளுக்குப் போனது.

இதன் நுட்பத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். மேடையில் பஸ் இல்லை, ஆசனம் இல்லை, பயணிகள் இல்லை. நிற்பது ஒரே ஒரு மனிதர். பயணி என்ன கேட்டார் என்பது நம் காதில் விழாது, கொண்டக்டர் சொல்லும் பதில் மட்டும் விழும். அந்தப் பதிலை வைத்துக் கேள்வியை நாமே கட்டிக்கொள்கிறோம். அவர் தலையைத் திருப்பும் கோணத்தில் கேட்டவர் நிற்கும் இடம் தெரிகிறது, குரல் தணிவதிலும் உயர்வதிலும் கேட்டவரின் வயதும் தரமும் தெரிகின்றன. ஆக, பாதி நாடகத்தைச் சபையே நடத்துகிறது. ஒரு கணம் அவருடைய பார்வை தவறான இடத்துக்குப் போனால் பஸ் முழுவதும் கலைந்துவிடும்.

கட்டியகாரன் களரிக்கு வந்து, இன்னும் வராத அரசனின் கொலுவைச் சொல்லாலேயே எழுப்பிக் காட்டுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்த உங்களுக்கு இந்த வித்தை புதிதாயிராது. இல்லாததை இருப்பதாக்குவது கூத்தரின் பழைய ஆற்றல். பாலச்சந்திரன் அதை அன்றாடம் ஏறி இறங்குகிற பஸ்ஸுக்குள் கொண்டுவந்தார். அவர் சிரிக்க வைத்தது எளிய மனிதரை இழிவாக்கி அன்று. நெரிசலில் அல்லாடுகிற சனத்தையும் அவர்களோடு மல்லுக்கட்டுகிற தொழிலாளியையும் ஒரே பரிவோடு பார்த்தார். அதனாற்றான் அந்தச் சிரிப்பு இன்னும் கசக்கவில்லை.

4. திரையும் சின்னத்திரையும்

ஈழத்தில் தமிழ்ப்படம் பிறந்தது 1962இல், ‘சமுதாயம்’ வழியாக. அன்றிலிருந்து அந்தச் சினிமா இந்தியப் படங்களின் நிழலிலேயே வளர வேண்டியிருந்தது. முதலும் கொஞ்சம், திரையரங்கும் கொஞ்சம். இத்தனைக்கும் நடுவே 1978இல் வந்தது ‘வாடைக்காற்று’. செங்கை ஆழியானின் நாவலை ஆதாரமாகக் கொண்டு, பிரேம்நாத் மொறாயஸ் இயக்கிய படம். மீனவர் வாழ்க்கையைச் சொன்ன கதை. பாலச்சந்திரனும் அதில் நடித்தார். 1981இல் வந்த ‘நாடு போற்ற வாழ்க’ முதலான வேறு ஈழத்துப் படங்களிலும் அவர் முகம் தெரிந்தது.

மேடையில் கடைசி வரிசைக்கு எட்டும்படி பேசிப் பழகியவர், கமராவுக்கு முன்னால் குரலையும் கையையும் அடக்க வேண்டும். கண்ணிமை அசைவதும் அங்கே பெரிதாகத் தெரியும். 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கியபோது, நடிகர்களுக்கு இன்னோர் அளவு வந்தது: வீட்டு மண்டபத்தில் நாலு பேருக்கு முன்னால் பேசுகிற அளவு. போர்க்காலத்தில் கனடாவுக்குப் புலம்பெயர்ந்த பின்னரும் அங்குள்ள தமிழ்த் தொலைக்காட்சிக்கு நகைச்சுவை நாடகம் எழுதி நடித்தார், புலம்பெயர்ந்தவர்கள் எடுத்த படங்களில் நடித்தார். ஊடகம் மாறும்போதெல்லாம் அளவை மாற்றிக்கொண்டார். தன் மக்களின் பேச்சை மட்டும் மாற்றவில்லை. பல துறைக் கலைஞர் என்று அவரை அழைப்பதற்கு என் நியாயம் இதுவே.

5. சிரிக்க வைத்தவரின் நாவல்

2009இல் அவருடைய ‘கரையைத் தேடும் கட்டுமரங்கள்’ நாவல் வெளிவந்தது. நகைச்சுவை நடிகராகவே அவரை அறிந்திருந்த பலர், கடலோடிகளின் வாழ்வைப் பேசும் இந்த நாவலைக் கண்டு வியந்தார்கள். வியக்க ஏதுமில்லை என்பேன். முப்பது ஆண்டுகளுக்கு முன் ‘வாடைக்காற்று’ப் படத்தில் மீனவர் கதைக்குள் நின்றவர், இப்போது பேனாவோடு அதே கரைக்குப் போனார். பனி பெய்கிற நாட்டில் இருந்துகொண்டு உப்புக்காற்று வீசும் கரையை எழுத வேண்டுமானால், அந்தக் கரையின் பேச்சு மனதில் அழியாமல் கிடக்க வேண்டும். ‘நேற்றுப் போல இருக்கிறது’ என்ற நூலில் தம் கலைப்பயண நினைவுகளையும் எழுதி வைத்தார். நடிகர் போனால் நடிப்பும் போய்விடும் என்பதை உணர்ந்த ஒருவர் செய்த காரியமாக அதை நான் மதிக்கிறேன்.

6. நமக்குள்ள கடமை

இனி நம் பக்கம் வருவோம். மட்டக்களப்புப் பேச்சு வடமராட்சிப் பேச்சுக்கு எந்த வகையிலும் குறைந்ததன்று. வயல்காரர், தோணிக்காரர், பட்டிக்காரர், பாலம் வருமுன் துறையில் காத்துக் கிடந்த தலைமுறை என்று ஆயிரம் மனிதர் நம்மிடம் உண்டு. அவர்களைத் தனிநடிப்பாக, குறும்படமாக, தொடராக எழுத ஆள் வேண்டும்.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கையில் இருக்கிற தொலைபேசி பாலச்சந்திரனுக்கு இளமையில் கிடைக்காத கமரா, ஒலிப்பதிவுக்கூடம் இரண்டும் சேர்ந்தது. இந்த விடுமுறையில் உங்கள் ஊர் அண்ணாவியாரிடம் போங்கள். அவர் எந்தக் கூத்தில் எந்தப் பாத்திரம் ஆடினார், யாரிடம் பழகினார் என்று அவருடைய வாயாலேயே சொல்லச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பிறகு நீங்களே எழுதுங்கள், எழுதியதை நீங்களே நடியுங்கள்.

ஆசிரியர்களே, பாடசாலைத் தமிழ்த்தினப் போட்டிக்கு எங்கிருந்தோ எழுதிவந்த நாடகத்தைத் தேடாதீர்கள். பிள்ளைகள் வீட்டில் பேசுகிற தமிழில் அவர்களையே எழுத விடுங்கள். இந்த அறக்கட்டளை ஆண்டுக்கு ஒரு மாணவர் எழுதி நடித்த நாடகத்தை மேடையேற்றி நூலாகவும் அச்சிட்டால், இன்று நாம் நினைவுகூரும் பெரியவருக்கு அதைவிடப் பொருத்தமான அஞ்சலி இருக்க முடியாது. அடுத்த ஆண்டு நினைவு நாளிலேயே அந்தப் பணியைத் தொடங்குங்கள் என்று கேட்டு விடைபெறுகிறேன்.