அரியணையில் சில திங்கள்

முதலாம் இராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியைப் படித்துவரும்போது, இத் தீவுகளில் வாழும் தமிழராகிய நாம் 'மாநக்கவாரம்' என்னும் பெயரைக் கண்டவுடன் சற்று நின்றுவிடுகிறோம். இன்றைய நிக்கோபார்த் தீவுகளே அவை என்பர் அறிஞர். 1025ஆம் ஆண்டளவில் கடாரத்தின் மேற்சென்ற கடற்படையின் வெற்றிகளுள் அதுவும் ஒன்று. இப் பெருமையை நாம் பலகாலும் பேசுகிறோம். அதன்பின் 45 ஆண்டுகளுக்குள் அப் பெருவேந்தனின் பேரன் ஒருவன், கங்கைகொண்ட சோழபுரத்து அரியணையில் சில திங்களே தனித்திருந்து மறைந்தான். அவனைப் பற்றிப் பேசுவார் அரியர். அதிராசேந்திரன் என்பது அவன் பெயர்.

1070இல் வீரராசேந்திரன் இறந்தபோது, முன்னரே இளவரசுப் பட்டம் பெற்றிருந்த அவன் மகன் அதிராசேந்திரன் அரசனானான். அவன் உடன்பிறந்தாளை மணந்தவன் மேலைச் சாளுக்கிய விக்கிரமாதித்தன். அவனுடைய அவைப்புலவர் பில்ஹணர் வடமொழியில் இயற்றிய விக்கிரமாங்கதேவ சரிதம் கூறுவது இது: விக்கிரமாதித்தன் காஞ்சிக்கு வந்து கலகத்தை அடக்கினான்; மைத்துனனை அரியணையில் அமர்த்தினான்; ஒரு திங்கள் உடனிருந்து நாடு திரும்பினான். சில நாட்களில், மைத்துனன் கலகத்தில் மாண்டான் என்றும், வேங்கி நாட்டு இராசிகன் சோழ அரசைக் கைப்பற்றினான் என்றும் செய்தி எட்டியது. அந்த இராசிகனே பின்னர் முதற் குலோத்துங்கன் எனப் புகழ்பெற்றவன். அவன் இராசேந்திரனின் மகள் அம்மங்கைதேவியின் மகன். ஆகவே அவனும் பேரனே.

அவன் அரசைக் கவர்ந்தவனா, அன்றி ஆளில்லா அரியணையைக் காத்தவனா? இதுவே வழக்கு. பில்ஹணர் சொல்லை அப்படியே கொள்ளுதல் தகாது. அவர் குலோத்துங்கனின் பகைவனிடம் பரிசில் பெற்றவர். தமிழ்ப் பக்கமோ வாய் திறக்கவில்லை. கலிங்கத்துப்பரணி பாடிய சயங்கொண்டார், வீரராசேந்திரனுக்குப் பின் நாடு சீர்குலைந்தது என்றும், குலோத்துங்கன் வந்து ஒழுங்கு செய்தான் என்றும் பாடி, இடையிலிருந்த மன்னன் பெயரையே விட்டுவிட்டார். அவரும் அரசவைப் புலவர் அன்றோ!

எஞ்சியிருப்பது ஒரு கல். தஞ்சை மாவட்டத்துக் கோயில் தேவராயன்பேட்டைக் கல்வெட்டு, அதிராசேந்திரனின் 3ஆம் ஆட்சியாண்டு 200ஆம் நாளில் பொறிக்கப்பட்டது. இளவரசுக் காலத்தையும் சேர்த்த கணக்கு அது. மன்னன் நோய் நீங்கும்பொருட்டு நாள்தோறும் இருமுறை திருப்பதியம் ஓத ஏற்பாடு செய்ததை அக் கல் கூறுகிறது. அதனை வெட்டியவர்க்கு வாதிட வேண்டிய கட்சி எதுவும் இல்லை. ஆதலின் நோயை நாம் நம்புகிறோம். படுக்கையிற் கிடந்த மன்னனைச் சுற்றிக் கலகம் எழுந்ததும் இயல்பே. ஆனால் குலோத்துங்கன் கையில் அக் குருதி படிந்தது என்பதற்குக் கல்லில் சான்று இல்லை.

பாரசீகத்துச் சாசானியர் வீழ்ச்சியும் இங்கு நினைவிற்கு வருகிறது. 628இல் இரண்டாம் குசுரு கொல்லப்பட்டான். பட்டத்துக்கு வந்த மகன் சில திங்களில் மாண்டான். பேரன் அர்தசீர் சிறுவன். 630இல் அவனைக் கொன்ற படைத்தலைவனும் சில வாரங்களே ஆண்டு வெட்டுண்டான். தாங்கிப் பிடிக்க வலிய கை ஒன்றும் அங்கு வாய்க்கவில்லை. 651இல் அம் மரபே அற்றது.

சோழர்க்கோ பெண்வழிப் பேரன் கிடைத்தான். விசயாலயன் கால்வழியில் ஆண்மரபு அதிராசேந்திரனோடு முடிந்தபோதிலும், குலோத்துங்கன் ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆண்டான். நக்கவாரத்தை ஒட்டிய கடல்வழியும் அறுபடவில்லை. 1077இல் சோழத் தூதர் சீனம் சென்றனர். 1090இல், கடாரத்தரசன் தூதர் வேண்டியபடி, நாகப்பட்டினத்துப் பௌத்தப் பள்ளிக்குரிய ஊர்களின் வரிகளை நீக்கிக் குலோத்துங்கன் ஆணையிட்டான். அவ்வாணையைத் தாங்கிய செப்பேடு ஆலந்து நாட்டு லெய்டன் நகருக்குச் சென்றமையால், அந்நகரின் பெயராலேயே இன்றும் அறியப்படுகிறது.