ஆங்கில நகைச்சுவை நாடகத்தில் நாடும் பெண்ணும்

(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆங்கில நாடக மேடையில் பெண் பாத்திரத்தைப் பெண்ணே ஏற்று நடிக்கத் தொடங்கியது 1660-ஆம் ஆண்டிலேதான். அதற்கு முன்னர்ச் சிறுவர்களே பெண் வேடம் புனைந்து வந்தனர். 1642-இல் மூடப்பட்ட அரங்குகள், இரண்டாம் சார்லஸ் மன்னன் நாடு திரும்பியதும் மீண்டும் திறந்தன. அம்மன்னனோடு அயல்நாட்டிலே தங்கியிருந்த பிரபுக்கள் பிரெஞ்சு உடையையும் பேச்சையும் உடன் கொண்டு வந்தனர். ஆகவே, ஆங்கிலேயன் யார் என்னும் வினாவும், பெண் எங்ஙனம் ஒழுகவேண்டும் என்னும் வினாவும் ஒரே மேடையில் எழலாயின. இவ்விரு வினாக்களும் பின்னிக்கிடக்கும் இரண்டு நாடகங்களைப் பற்றி இன்று சில சொல்ல விழைகின்றேன்.

முதலாவது, வில்லியம் விச்சர்லி இயற்றி 1672-இல் அரங்கேறிய ‘நடன ஆசிரியராக வந்த கனவான்’. இதில் வரும் ஜேம்ஸ் ஃபார்மல் ஓர் ஆங்கில வணிகர். ஸ்பெயினிலிருந்து திரும்பியவர், ஸ்பானிய உடை உடுத்து, ‘டான் டியகோ’ என்று பெயரும் பூண்டு உலவுகிறார். அவர் மருமகனாக்கிக்கொள்ள எண்ணியிருக்கும் பாரிஸ் என்பவனோ பிரான்சுக்குச் சென்று வந்தவன். தன் தாய்மொழியைப் பிரெஞ்சுக்காரன் போலச் சிதைத்துப் பேசுவதே பெருமை என்றிருப்பவன். மகளை மணக்க வேண்டுமாயின் ஸ்பானிய உடை தரிக்க வேண்டும் என்று பெரியவர் கட்டளையிடுகிறார். பாரிஸ் தன் பிரெஞ்சு உடையைப் பிரியமாட்டாமல் புலம்புகிறான். ஆங்கிலேயர் இருவர் இரண்டு அயல்நாடுகளுக்காகப் போரிடும் விந்தை அது!

இந்தச் சிரிப்பின் நடுவே பூட்டிய கதவு ஒன்று உண்டு. ஸ்பானிய மானம் என்னும் பெயரால், மகள் ஹிப்பாலிட்டா, 14 வயதுப் பெண், வீட்டுக்குள் அடைபட்டிருக்கிறாள். தந்தைக்கு அயல் நாகரிகம் அணிந்து மகிழும் ஆடை. மகளுக்கோ அது சிறை. எனினும் அவள் அறிவால் வெல்கிறாள். தான் விரும்பிய ஜெரார்டு என்பவனை நடன ஆசிரியன் என்று தந்தையை நம்பவைத்து, அவனையே மணக்கிறாள். ஏமாந்த தந்தை, யாவும் தாம் முன்பே அறிந்தவை போல நடித்து மானத்தைக் காத்துக்கொள்கிறார்.

இரண்டாவது, அயர்லாந்தில் பிறந்து இலண்டன் மேடையில் புகழெய்திய நடிகர் சார்லஸ் மாக்லின் எழுதி, 1762-இல் டப்ளின் நகரில் நடிக்கப்பெற்ற ‘உண்மை அயர்லாந்துக்காரன்’. மூன்றாம் ஜார்ஜ் மன்னனின் முடிசூட்டு விழாவைக் காண, 1761-இல், ஓ’டாகர்ட்டி என்பவரின் மனைவி இலண்டன் செல்கிறாள். திரும்பி வந்தவள் இலண்டன் சீமாட்டிபோல நாவைச் சுழற்றுகிறாள். குடும்பப் பெயரையும் ‘டிகர்ட்டி’ என்று திரிக்கிறாள். முடிவில் அவளைத் திருத்திப் பழைய பெயருக்கே மீட்கிறார் கணவர். டப்ளின் இந்நாடகத்தைப் போற்றியது. 1767-இல் இலண்டனிலோ அது எடுபடவில்லை.

மாக்லினின் மனக்குறையில் நியாயம் உண்டு. இலண்டன் மேடையில் அயர்லாந்துக்காரன் பெரும்பாலும் கேலிப்பொருளாகவே நின்றான். அவனை மானமுள்ள மனிதனாக நிறுத்த அவர் விரும்பினார். ஆனால், அந்த நாட்டு மானத்தின் சுமை முழுவதும் மனைவியின் நாவின்மீது ஏற்றப்பட்டதைக் காண்க. அவளைத் திருத்தும் கணவரும் பேசுவது அயர்லாந்தின் பழைய மொழியை அன்று, ஆங்கிலத்தையே! அது அவருக்குக் குற்றமாகத் தோன்றவில்லை. அயல்வேடம் பூண்ட ஆடவனைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போகிற மேடை, பெண் அதனைப் பூண்டால் குடும்பத்துக்கே கேடு வந்ததெனத் திருத்த முற்படுகிறது.

அன்பர்களே, பிற மாநிலத்தில் வாழும் நமக்கு இது தொலைவான செய்தி அன்று. அலுவலகத்தில் ஆடவர் எம்மொழி பேசினும், எவ்வுடை அணியினும் கேட்பாரில்லை. பிள்ளை தமிழில் தடுமாறினால் மட்டும், “தாய் என்ன செய்தாள்?” என்று கேட்கிறோம். மொழியைக் காத்தல் தந்தைக்கும் உரிய கடன். மாலையில் வீடு திரும்பும் தந்தை, பிள்ளையை அருகே அமர்த்தித் தமிழ் படிப்பிப்பாராக. தாயிடம் அக்கேள்வியைக் கேட்கும் உரிமை அதன்பிறகே அவருக்கு உண்டாகும்.