முந்தலில் ஓர் எழுத்தறி கருவி

புத்தளத்திற்குத் தெற்கே, கொழும்பு வீதியில், களப்பின் அண்மையிலே அமைந்தது முந்தல். உப்புக் காற்று ஓயாது வீசும் இக்கரையோரத்தில் இரும்பு துருப்பிடிப்பது போலவே தாளும் விரைவில் மடிகிறது. அருகிலுள்ள உடப்பு போன்ற ஊர்களில் திருவிழா அறிவித்தல்களும் நினைவு மலர்களும் பெட்டிகளுக்குள்ளே பொடியாகிக் கொண்டிருக்கின்றன. அவற்றைப் படம் பிடித்தால் மட்டும் போதாது. தேடுதற்கும் மறுபடி அச்சிடுதற்கும் உரிய எழுத்தாக மாற்றவேண்டும். அத்தொண்டிற்கு உதவுவது 'டெசரக்ட்' என்னும் கணினிக் கருவி.

ஹியூலெட் பக்கார்ட் ஆய்வுகூடத்தில் 1985 முதல் 1994 வரை உருவாக்கப்பெற்ற இக்கருவி, 2005ஆம் ஆண்டில் யாவர்க்கும் பொதுவாக வழங்கப்பட்டது. இதற்குப் பொத்தான்களும் படங்களும் இல்லை. கட்டளையை எழுத்தால் தட்டச்சிட்டு ஏவுதல் வேண்டும். ஆதலின் இதனைக் கட்டளை வரிக் கருவி என்பர்.

உபுண்டு இயங்குதளத்தில் 'ஆப்ட் இன்ஸ்டால்' என்னும் கட்டளையால் இதனை நிறுவலாம். இங்கேதான் பலரும் இடறுவர். கருவியை மட்டும் நிறுவினால் அது ஆங்கிலம் ஒன்றையே அறியும். தமிழ்ப் பக்கத்தைக் கொடுத்தால் பொருளற்ற ஆங்கில எழுத்துக்களை அள்ளிக் கொட்டும். யானும் முதல் நாள் அவ்வாறே ஏமாந்தேன். தமிழ்த் தரவுப் பொதியைத் தனியே நிறுவுதல் வேண்டும். பின்னர் மொழிப் பட்டியலைக் கேட்டு, அதில் 'டி, ஏ, எம்' என்னும் குறி உண்டா எனப் பார்த்தல் வேண்டும். ஒவ்வொரு முறை ஏவும்போதும் அக்குறியைக் கட்டளையிற் சேர்த்தலும் இன்றியமையாதது. ஆங்கிலமும் கலந்த பக்கமாயின், இரு மொழிக் குறிகளையும் கூட்டற் குறியால் இணைக்கலாம். படம் அங்குலத்திற்கு 300 புள்ளிகள் அளவிலேனும் இருத்தல் நன்று. ஒருமுறை நிறுவிவிட்டால், இணையத் தொடர்பின்றியே கருவி இயங்கும்.

ஆயினும் ஓர் இடர் உண்டு. தமிழகத்தில் 1978ஆம் ஆண்டு எழுத்துச் சீர்திருத்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்திய அச்சில் ணா, லை, னை முதலிய எழுத்துக்கள் வேறு வடிவின. 'அண்ணாமலை' என்னும் ஒரு சொல்லிலேயே அத்தகைய எழுத்துக்கள் இரண்டு உள்ளன. இன்றைய எழுத்துருக்களிற் பயின்ற கருவி அவற்றைத் தவறாகப் படித்துவிடக்கூடும்.

அண்மையில், ஒரு குடும்பத்தாரின் பழைய நினைவு மலரை இக்கருவியிடம் கொடுத்தேன். பாடல்களும் திகதிகளும் பெரும்பாலும் செம்மையாகவே வந்தன. மக்கள் பெயர்களின் வரிசையில் மட்டும் ஒரு பெயர் உருக்குலைந்திருந்தது. அவ்வீட்டு மூதாட்டியார் மூலத்தாளைக் கண்ணருகே பிடித்து அதனைப் படித்தார். கடலுக்குப் போய்த் திரும்பாத தம் தமையனாரின் பெயர் அது என்றார். அப்பெயர் அச்சில் உள்ள இடம் அத்தாள் ஒன்றேயாம்.

நேயர்களே, கருவி ஆயிரம் பக்கங்களை அயராது படிக்கும். எந்தப் பெயர் எவர்க்கு அரியது என்பதை அது அறியாது. ஆதலின் கருவியை நிறுவுங்கள். மொழியைக் குறித்துக் கொடுங்கள். அது தந்ததை மூலத்தோடு ஒப்புநோக்குங்கள். படித்துச் சொல்லவல்ல முதியோர் நம்மிடையே உள்ள பொழுதே இப்பணியைத் தொடங்குதல் நம் கடனாகும்.