வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகளும் நமது கடமையும்

 

இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் மிஸ்வாக் குச்சிக்காக மரமேறியபோது, அவர்களுடைய மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிரித்தனர். மறுமையின் தராசில் அவை உஹது மலையினும் கனமானவை என்று நபி (ஸல்) அவர்கள் உணர்த்தினார்கள்.

நாமோ, நிகாஹ் வீடுகளில் வயதுக்கேற்ற உயரமில்லாத பிள்ளையைக் கண்டால், "தாய்வழியா, தந்தைவழியா?" என்று வினவுகிறோம். அதற்கஞ்சியே பெற்றவள் விசேஷங்களுக்கு வருவதை விட்டுவிடுகிறாள். அகான்ட்ரோபிளாசியா எனும் எலும்பு வளர்ச்சிக் குறைபாடுடைய 10 பேரில் ஏறத்தாழ 8 பேரின் பெற்றோர் இயல்பான உயரமுடையவர்களே. கரு உருவாகும்போது புதிதாக நேரும் மரபணு மாற்றமே அதற்குக் காரணம்; எவர் மீதும் குற்றமில்லை. வளர்ச்சி ஹார்மோன் குறைவு என்பது வேறு. அதனை இளவயதிலேயே கண்டறிந்தால் ஊசி மருந்து பயன் தரும். எனவே பிள்ளையை மறைத்து வைப்பது பிள்ளைக்கே கேடாகும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் குள்ளத்தன்மையும் இடம்பெற்றுள்ளது. சான்று பெறும் வழி, பள்ளியில் கால் ஊன்ற வசதியான இருக்கை கேட்கும் முறை, கேலிக்குப் பிள்ளை சொல்லவேண்டிய பதில் ஆகியவற்றை, அப்பாதையில் முன்னே நடந்த பெற்றோரே பின்வருவோர்க்கு நன்கு எடுத்துரைக்க இயலும்.

நம் திண்டுக்கல்லில் ஒரு மஹல்லாவில் அழும் தாயை அடுத்த மஹல்லாவில் அழும் தாய் அறியமாட்டாள். மிம்பரில் பெயர் கூறாமல், இரு வீட்டாரின் சம்மதத்தோடு அவர்களை இணைத்து வைப்பது ஜமாஅத்தின் கடமையாகும்.

வல்ல அல்லாஹ் அதற்கு நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.