பிள்ளை என்ன கத்துக்கிட்டா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்னிக்கு சேமிப்பு, கடன் திருப்பம் பற்றிப் பேசப் போவதில்லை. நம்ம வீட்டுப் பிள்ளைகளை அப்ரண்டிஸ், அதாவது தொழிற்பழகுநர் என்று சொல்லி கம்பெனிக்கு அனுப்புகிறோமே, அதைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம்.

மூணு வருஷத்துக்கு முன்னாடி, நம்ம குழு வீடுகளிலிருந்து 11 பெண் பிள்ளைகளைத் திருப்பூர்ப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் பயிற்சிக்குச் சேர்த்துவிட்டோம். அந்த மாச அறிக்கையில் "11 பேர் சேர்க்கப்பட்டனர்" என்று எழுதினோம். ஆறு மாசம் கழித்து "தொடர்பவர் 9" என்று எழுதினோம். என்ன கற்றுக்கொண்டார்கள் என்று எழுத அறிக்கையில் கட்டமே கிடையாது. நாங்களும் கேட்கவில்லை.

அதில் ஒரு பிள்ளை பொங்கலுக்கு ஊருக்கு வந்தாள். அவள் அம்மா குழுக்கடன் வாங்கி ஒரு பழைய ஓவர்லாக் மெஷின் போட்டிருந்தார். "ஒரு வருஷம் பழகியிருக்கிறயே, இதுல கொஞ்சம் ஓட்டிக் காட்டு சாமி" என்றாராம். பிள்ளைக்கு அந்த மெஷினில் நூல் கோர்க்கவே தெரியவில்லை. விசாரித்தால், முதல் ரெண்டு மாசம் பிசிறு வெட்டியிருக்கிறாள். மீதி பத்து மாசமும் கைமடி. டெய்லர் பக்கத்தில் நின்று துணியை மடித்து மடித்துக் கொடுத்ததுதான் அவள் பயிற்சி. அந்த அம்மா சத்தம் போடவில்லை. எங்களிடம், "ஏனுங் மேடம், வருஷம் பூராவும் புள்ள என்னத்தைக் கத்துக்கிட்டா?" என்று மட்டும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை.

அதற்குப் பிறகுதான் உட்கார்ந்து சட்டத்தைப் படித்தோம். முதலிலேயே படித்திருக்க வேண்டும்.

தொழிற்பழகுநர் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. பழகுநர் தொழிலாளி இல்லை, கற்றுக்கொள்கிறவர் என்பதுதான் அதன் அடிப்படை. அதனால் அவருக்குக் கூலி கிடையாது, உதவித்தொகைதான். அந்தக் குறைந்த தொகைக்கு ஈடாகத் தொழில் கைக்கு வரணும். தொழிலும் வரவில்லை என்றால் அது குறைஞ்ச கூலிக்கு வேலை வாங்கியது, அவ்வளவுதான். 2000-களில் மேற்கு மாவட்ட நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்று ஒன்று நடந்தது உங்களில் பல பேருக்கு ஞாபகம் இருக்கும். அங்கேயும் அப்ரண்டிஸ் என்றுதான் பேர் வைத்தார்கள். மூணு வருஷம் முடிந்தால் மொத்தமாகப் பணம் என்றார்கள். மூணு வருஷத்தில் என்ன தொழில் தெரியும் என்று பெற்றவர்கள் கேட்கவில்லை, பணத்தைத்தான் கேட்டோம்.

சரி, வேலையிடத்துப் பயிற்சி எப்படி நடக்கணும்? தையலையே எடுத்துக்கொள்வோம். முறையாகச் சொல்லிக்கொடுக்கிற இடத்தில் முதலில் நூலே கோர்க்க மாட்டார்கள். காகிதத்தில் கோடு போட்டு, வெறும் ஊசியால் கோட்டின் மேலேயே ஓட்டச் சொல்வார்கள். நேர்கோடு வந்த பிறகு வளைவு, மூலை. அப்புறம் துணி. பாபின் மாற்றுவது, நூல் இழுவையைச் சரிசெய்வது, ஒரு இஞ்சுக்கு எத்தனை தையல் விழுகிறது என்று எண்ணிப் பார்ப்பது. அப்புறம்தான் ஓவர்லாக், பேட்லாக். ஊசி உடைந்தால் என்ன செய்யணும் என்பதும் பாடம்தான். உடைந்த துண்டுகளை எல்லாம் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்டணும். ஒரு துண்டு துணிக்குள் போய்விட்டால் எங்கேயோ ஒரு குழந்தையின் உடம்பில் குத்தும்.

இதையெல்லாம் எந்தத் தேதியில் சொல்லிக்கொடுத்தார்கள், யார் பார்த்தார்கள் என்று ஒரு பதிவு நோட்டு இருக்கணும். பழகுநரின் முன்னேற்றத்தைப் பதிவு செய்து வைப்பது முதலாளியின் கடமை என்று சட்டமே சொல்கிறது. நமக்கு இது புதுசா? நம்ம குழு ஆரம்பித்து ஆறு மாசம் கழித்து பேங்கிலிருந்து தரம் பார்க்க வந்தார்களே, தலைவி சொன்னதை மட்டும் கேட்டுக்கொண்டா போனார்கள்? தீர்மான நோட்டைப் புரட்டினார்கள், ஓரத்தில் உட்கார்ந்திருந்த அக்காவை எழுப்பிக் கேள்வி கேட்டார்கள். பிள்ளைக்கு வைக்கிற தேர்வும் அப்படித்தான் இருக்கணும். சொல்லிக்கொடுத்த சூப்பர்வைசர் "நல்லா பண்றா" என்றால் போதாது. வேறொருவர் பக்கத்தில் நின்று, பத்து பீஸ் தைக்கச் சொல்லி, எத்தனை ஆல்ட்டர் வருகிறது என்று பார்க்கணும். சட்டப்படி பதிவான பயிற்சிக்கு முடிவில் தேர்வு உண்டு, தேறினால் அரசு அங்கீகரித்த சான்றிதழ் உண்டு. கம்பெனி லெட்டர்பேடில் அடித்துக் கொடுக்கிற தாள் வேறு, அந்தச் சான்றிதழ் வேறு. அடுத்த கம்பெனிக்குப் போகும்போது வித்தியாசம் தெரியும்.

இன்னொன்று, ஒப்பந்தம். 18 வயசு ஆகாத பிள்ளைக்கு நீங்கள்தான் கையெழுத்துப் போடுவீர்கள். படிக்காமல் போடாதீர்கள், நகல் வாங்காமல் வராதீர்கள். அரசு வலைத்தளத்தில் பதிவாகியிருக்கிறதா என்று கேளுங்கள். 14 வயசுக்குக் கீழே சேர்க்கவே கூடாது. ஆபத்தான தொழிலில் 18. பழகுநருக்குப் பீஸ் ரேட் போடக்கூடாது. பயிற்சி ஆலோசகரான அரசு அதிகாரி அனுமதிக்காமல் ஓவர்டைம் வாங்கக்கூடாது. வேலையில் அடிபட்டால் இழப்பீடு உண்டு. 2019-ல் திருத்திய விதிகளில் குறைந்தபட்ச உதவித்தொகை பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாசம் 6,000 ரூபாய், ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000 என்று வைத்தார்கள். ஆனால் பயிற்சி முடிந்ததும் அங்கேயே வேலை கொடுத்தாகணும் என்று சட்டம் சொல்லவில்லை. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தால்தான். இதைச் சொல்லாமல் மறைத்து ஆள் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள்.

போன வாரம் ஒரு அக்கா கேட்டார்: "இத்தனை கேள்வி கேட்டா நம்ம புள்ளையைச் சேர்த்துக்குவாங்களா?" நியாயமான பயம். ஆனால் கம்பெனி நமக்குத் தர்மம் செய்யவில்லை. 30 பேருக்கு மேல் வேலை செய்கிற இடத்தில் பழகுநர்களை எடுத்தாகணும் என்று 2019 விதி சொல்கிறது. 2016-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் உதவித்தொகையில் கால் பங்கை, 1,500 ரூபாய் வரை, அரசே ஏற்றுக்கொள்ள முன்வந்தது. 2023-ல் அந்தப் பங்கை நேராகப் பழகுநரின் வங்கிக் கணக்கில் போடும்படி மாற்றினார்கள். அதனால் கேட்கலாம், கூச்சம் வேண்டாம்.

நாங்களும் அந்தக் கம்பெனிக்குப் போய்க் கேட்டோம். "புரொடக்‌ஷன் இருக்கு மேடம், மெஷினைச் சும்மா கொடுக்க முடியாது" என்றார் மேனேஜர். நாலு தடவை நடந்த பிறகு ஒன்பது பேரில் நாலு பேரைப் பவர் டேபிளில் உட்கார வைத்தார்கள். மற்ற அஞ்சு பேரை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அவர்களுக்குப் போன ஒரு வருஷத்தை எங்களால் திருப்பித் தர முடியவில்லை. ஓவர்லாக் வீட்டுப் பிள்ளை இப்போது பக்கத்து ஊர் டெய்லர் அக்காவிடம் சாயங்காலம் பழகுகிறாள். போன மாசம் நூல் கோர்த்துக் காட்டினாள்.

எங்கள் அறிக்கையில் இப்போது ஒரு கட்டம் கூடியிருக்கிறது: "இந்த மாதம் கற்றது". அதை நிரப்ப உங்கள் உதவி வேண்டும். பிள்ளையிடம் போனில் "சாப்டியா, பணம் வந்துச்சா" என்று கேட்கும்போது "புதுசா என்ன கத்துக்கிட்ட" என்றும் கேளுங்கள். அடுத்த கூட்டத்துக்குப் பிள்ளையை அனுப்பியிருக்கிற எல்லோரும் ஒப்பந்த நகலை எடுத்து வாருங்கள். நகல் இல்லாதவர்கள் பிள்ளையின் பேர், சேர்ந்த தேதி, கம்பெனி இருக்கிற ஊர் மூன்றையும் எழுதிக்கொண்டு வந்தால் போதும், நாங்கள் கூடவே வருகிறோம்.