சலவைத் தொழிலாளியின் மகள் செய்தி சொல்ல வந்தாள்

(பெற்றோர் சந்திப்பு ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஞாயிற்றுக்கிழமை அதுவுமாக, துணி துவைக்கிற வேலை, சந்தைக்குப் போகிற வேலை எல்லாவற்றையும் அப்படியே போட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

போன கூட்டம் முடிந்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது ஓர் அண்ணன் என்னிடம் வந்தார். லாரி ஓட்டுகிறவர். "சார், என் மக எஸ்.பி.எம். முடிச்சிட்டா. டிவியில நியூஸ் சொல்லணும், அதுக்குத்தான் படிக்கணும்னு ஒத்தக் காலுல நிக்கிறா. நம்ம ஜனங்களுக்கு அதெல்லாம் சரிப்பட்டு வருமா? பேசாம நர்ஸ் வேலைக்குப் போன்னு சொல்லட்டுமா?" என்று கேட்டார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "யோசிச்சுச் சொல்றேன்ணே" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். இன்று அந்தப் பதிலோடுதான் வந்திருக்கிறேன். கொஞ்சம் நீளமான பதில். அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டுதான் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

2025 செப்டம்பர் 24-ஆம் நாள் கலிபோர்னியாவில் ஒரு மூதாட்டி காலமானார். வயது 92. பெயர் பெல்வா டேவிஸ். கறுப்பினப் பெண்மணி. அமெரிக்காவின் மேற்குக் கரையில் தொலைக்காட்சிச் செய்தியாளராக வேலைக்கு அமர்த்தப்பட்ட முதல் கறுப்பினப் பெண் இவர்தான். உள்ளூர்ச் செய்திப் பணிக்காக எட்டு எம்மி விருதுகள் வாங்கியவர். ஆனால் விருதைப் பற்றிப் பிறகு பேசுவோம். முதலில் அவர் எங்கிருந்து வந்தார் என்று கேளுங்கள்.

1932-இல் லூயிசியானா மாநிலத்தில் மன்ரோ என்ற ஊரில் பிறந்தார். பிறந்தபோது அவருடைய தாய்க்கு வயது 14. ஆம், பதினான்குதான். அப்பா மர அறுவை ஆலையில் வேலை செய்தவர், அம்மா சலவைத் தொழிலாளி. பெல்வாவுக்கு எட்டு வயதாக இருக்கும்போது குடும்பம் பிழைப்புத் தேடிக் கலிபோர்னியாவின் ஓக்லண்ட் நகருக்குப் போனது. அங்கே அரசாங்கக் குடியிருப்பில் இரண்டு அறை வீடு. அதில் பதினொரு பேர்.

தோட்டத்தை விட்டுப் பட்டணத்துக்கு வந்து, பி.பி.ஆர். அடுக்குமாடியில் பாட்டி, சித்தப்பா, பிள்ளைகள் என்று ஒன்றாக நெருக்கியடித்து வாழ்ந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1951-இல் பெர்க்கிலி உயர்நிலைப் பள்ளியில் படித்து முடித்தார். அந்தக் குடும்பத்தில் உயர்நிலைப் பள்ளியை முடித்த முதல் ஆள் அவர். சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் இடமும் கிடைத்தது. ஆனால் கட்டணம் கட்டக் காசு இல்லை. கல்லூரிக் கனவு அதோடு போனது. கடற்படைச் சரக்குக் கிடங்கில் தட்டச்சு வேலைக்குச் சேர்ந்தார். ஆண்டுக்கு 2,000 டாலர் சம்பளம்.

கதை இங்கேயே முடிந்திருக்கலாம். நம்மில் எத்தனை பேருடைய கதை இந்த இடத்தில் முடிந்திருக்கிறது! எஸ்.டி.பி.எம். வரை வந்து, பணமில்லாமல் தொழிற்சாலை பஸ்ஸில் ஏறிய அக்காமார்களை நான் அறிவேன். பெல்வாவும் அந்த பஸ்ஸில் ஏறியவர்தான். ஆனால் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபின் எழுத ஆரம்பித்தார். பெண்கள் சங்கத்தில் நடப்பது, தேவாலயத்தில் நடப்பது, தன் மக்கள் கூடுகிற நிகழ்ச்சிகள் என்று இவற்றையெல்லாம் எழுதினார். 1957-இல் கறுப்பின மக்களுக்காக வந்துகொண்டிருந்த 'ஜெட்' வார இதழுக்குச் செய்தி அனுப்பத் தொடங்கினார். கிடைத்த கூலி சொற்பம்தான். செய்திக்குக் கீழே அவர் பெயர்கூடப் போடமாட்டார்கள். பிறகு உள்ளூர்க் கறுப்பினப் பத்திரிகைகள், அதன்பின் கறுப்பின மக்களுக்கான வானொலி என்று ஒவ்வொரு படியாக ஏறினார்.

பெற்றோர்களே, இந்த இடத்தைக் கவனியுங்கள். பெரிய நிலையங்கள் கதவைத் திறக்காத காலத்தில், தன் சமுதாயத்தின் சின்னப் பத்திரிகையும் சின்ன வானொலியும்தான் அவருக்குப் பள்ளிக்கூடமாக இருந்தன. நம்முடைய தமிழ்ப் பத்திரிகைகளைச் சிலர் இளக்காரமாகப் பேசும்போது எனக்கு இந்தப் பெண்மணிதான் நினைவுக்கு வருகிறார்.

இனி 1964-க்கு வருவோம். அந்த ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் அமெரிக்காவில் சிவில் உரிமைச் சட்டம் கையெழுத்தானது. அதே மாதம் நடுவில், சான் பிரான்சிஸ்கோவை ஒட்டியிருக்கும் கௌ பேலஸ் என்ற பெரிய மண்டபத்தில் குடியரசுக் கட்சியின் மாநாடு. அந்தச் சட்டத்தை எதிர்த்து வாக்களித்த பாரி கோல்ட்வாட்டர்தான் அதிபர் வேட்பாளராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பெல்வாவும் அவர் வேலை செய்த வானொலியின் செய்தி ஆசிரியர் லூயிஸ் ஃப்ரீமனும் அங்கே போனார்கள். செய்தியாளர் அனுமதி அட்டை இல்லை, பார்வையாளர் சீட்டுத்தான். மேலே, கடைசி வரிசைப் பக்கம் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள்.

கூட்டத்தில் சிலர் இவர்களைப் பார்த்துவிட்டார்கள். வசை ஆரம்பித்தது. காகிதத்தைக் கசக்கி எறிந்தார்கள், தின்கிற பண்டத்தை எறிந்தார்கள். இருவரும் ஒலிப்பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு வெளியேறினார்கள். ஓடவில்லை, நடந்தே இறங்கினார்கள். கண்ணாடி சோடா புட்டி ஒன்று பெல்வாவின் தலையை உரசாத குறையாகப் பறந்து போய் உடைந்தது.

வேறொருவராக இருந்தால், இந்த வேலையே வேண்டாம் சாமி என்று தட்டச்சு மேசைக்கே திரும்பியிருப்பார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன், பொய் சொல்வானேன். ஆனால் செய்தியாளராகவே வாழ்வது என்ற முடிவு அந்த இரவில்தான் தனக்கு உறுதிப்பட்டதாக அவர் பின்னாளில் சொன்னார். இப்படியெல்லாம் நடக்கிறது என்பதைச் சொல்ல ஓர் ஆள் வேண்டும், அந்த ஆள் தானாகவே இருக்கட்டும் என்று நினைத்தார்.

1966-இல் சான் பிரான்சிஸ்கோவின் கே.பி.ஐ.எக்ஸ். தொலைக்காட்சி அவரைச் செய்தியாளராக எடுத்தது. இங்கே நான் கொஞ்சம் விலகிப் போகிறேன். திறமை இருந்தது, வேலை கிடைத்தது என்று சொல்லிவிட்டுப் போனால் அது அரைக் கதை. மீதிக் கதை மிசிசிப்பி மாநிலத்தில் இருக்கிறது.

அங்கே ஜாக்சன் நகரில் டபிள்யூ.எல்.பி.டி. என்று ஒரு தொலைக்காட்சி நிலையம். அதைப் பார்க்கும் மக்களில் நூற்றுக்கு 40-க்கும் மேல் கறுப்பினத்தவர். ஆனால் அவர்களுடைய தலைவர் யாராவது தேசிய ஒளிபரப்பில் தோன்றினால், உடனே திரையில் 'மன்னிக்கவும், கேபிள் கோளாறு' என்ற அறிவிப்பு வரும்! 1955-இல் வழக்கறிஞர் தர்குட் மார்ஷல் பேசியபோது அப்படித்தான் நடந்தது. பிற்காலத்தில் அவர் உச்ச நீதிமன்ற நீதிபதியானார் என்பது வேறு கதை. 1963 மே மாதம் மெட்கர் எவர்ஸ் என்ற உரிமைப் போராளி, பதில் சொல்ல நேரம் கேட்டு வாதாடி வாங்கி, அதே நிலையத்தில் 17 நிமிடம் பேசினார். அடுத்த மாதம் 12-ஆம் நாள் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

1964-இல் ஒரு திருச்சபையைச் சேர்ந்தவர்களும் உள்ளூர் மக்களும் சேர்ந்து ஒரு காரியம் செய்தார்கள். கல் எறியவில்லை. தொண்டர்களை உட்காரவைத்து, ஒரு வாரம் முழுக்க அந்த நிலையம் என்ன காட்டுகிறது, யாரைக் காட்டவில்லை என்று நிமிடக் கணக்கில் எழுதவைத்தார்கள். வெளியே தெரிந்தால் ஆபத்து என்பதால் இரகசியமாகச் செய்தார்கள். அந்தக் குறிப்புகளோடு, இந்த நிலையத்தின் உரிமத்தைப் புதுப்பிக்காதீர்கள் என்று மனுப் போட்டார்கள். ஒளிபரப்பு ஆணையம், பார்க்கிறவனுக்கு இதில் வழக்காட உரிமை இல்லை என்றது. 1966-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், உண்டு என்று தீர்ப்பளித்தது. 1969-இல் அந்த நிலையத்தின் உரிமமே செல்லாது என்றானது. மூன்று ஆண்டுகள் கழித்து அதே நிலையத்துக்குக் கறுப்பினத்தவர் ஒருவர் பொது மேலாளராக வந்தார்.

இதற்கிடையில் 1967-இல் நகரங்கள் பற்றி எரிந்தன. அதிபர் ஜான்சன் அமைத்த கெர்னர் ஆணையம் 1968-இல் அறிக்கை கொடுத்தது. செய்தித் துறையின் ஆசிரியர் பணிகளில் கறுப்பினத்தவர் நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை என்று அது சொன்னது. வெள்ளையர் கண்ணால் மட்டுமே நாட்டைப் பார்த்துச் செய்தி சொல்கிறீர்கள் என்று ஊடகங்களைக் குற்றம் சாட்டியது. ஆக, பெல்வா கதவைத் தட்டிய அதே நேரத்தில், பெயர் தெரியாத பல பேர் அந்தக் கதவை வெளியிலிருந்து தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

சரி, உள்ளே போனபின் என்ன செய்தார்? பெர்க்கிலி பல்கலைக்கழக மாணவர் போராட்டங்களைச் சொன்னார். கருஞ்சிறுத்தைகள் இயக்கத்தைச் சொன்னார். சிறுபான்மைச் சமூகங்களின் வாழ்க்கையைக் காட்டுவதற்கென்றே 'ஆல் டுகெதர் நவ்' என்ற நிகழ்ச்சியைத் தொடங்கினார். 1978 நவம்பர் 18-இல் கயானாவின் ஜோன்ஸ்டவுனில் 900-க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அந்த வழிபாட்டுக் குழு சான் பிரான்சிஸ்கோவில் வேரூன்றியிருந்த ஒன்று. இறந்தவர்களில் பெரும்பாலோர் கறுப்பினத்தவர், பலர் அந்த வட்டாரத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஒன்பதே நாளில், நவம்பர் 27-இல், நகர மேயர் மொஸ்கோனியும் நகர மன்ற உறுப்பினர் ஹார்வி மில்க்கும் நகர மண்டபத்திலேயே சுட்டுக் கொல்லப்பட்டார்கள். ஊரே நிலைகுலைந்து நின்ற அந்த நாட்களில், பதறாமல் செய்தி சொன்ன குரல்களில் அவருடையதும் ஒன்று. பிறகு எய்ட்ஸ் நோய் அந்த நகரத்தைப் பிடித்தது. அதையும் சொன்னார். 1998-இல் தன்சானியாவில் அமெரிக்கத் தூதரகத்தில் குண்டு வெடித்தபோது அங்கேயும் போனார். அப்போது அவருக்கு 65 வயது.

எட்டு எம்மி என்றேனே, அவை உள்ளூர் எம்மிகள். நாடு முழுக்கப் பார்க்கிற நாடகங்களுக்கும் பெரிய நடிகர்களுக்கும் கொடுக்கிற எம்மி வேறு. உள்ளூர் எம்மி என்பது அந்தந்த வட்டார நிலையங்களின் வேலைக்குக் கொடுப்பது. சிலர் இதைச் சின்ன விருது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உங்கள் தாமானில் குப்பை லாரி வரவில்லை, உங்கள் பள்ளியில் ஆசிரியர் பற்றாக்குறை என்பதை எந்த உலகத் தொலைக்காட்சி வந்து சொல்லப்போகிறது? உள்ளூர்ச் செய்தியாளர்தான் சொல்ல வேண்டும். 2004-இல் அனைத்துலகப் பெண்கள் ஊடக அறக்கட்டளை அவருக்கு வாழ்நாள் சாதனை விருது கொடுத்தது. அதைவிட நான் மதிக்கிற ஒன்று உண்டு. ஒலி, ஒளிபரப்புப் பணியாளர்களின் தொழிற்சங்கமான அஃப்ட்ராவில், தனக்குப் பின்னால் வருகிறவர்களுக்கும் வேலையில் சம வாய்ப்பு வேண்டும் என்று அவர் உழைத்தார். தான் ஏறியபின் ஏணியை எட்டி உதைக்கவில்லை.

கே.கியூ.இ.டி. என்ற பொதுத் தொலைக்காட்சியில் வாராந்திரச் செய்தி நிகழ்ச்சியை 2012 வரை நடத்திவிட்டு, 80 வயதில் ஓய்வு பெற்றார்.

இனி லாரிக்கார அண்ணனுக்கு வருகிறேன். அண்ணே, பின்னால் நிற்கிறீர்கள், பார்த்துவிட்டேன்.

நர்ஸ் வேலை நல்ல வேலைதான். அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். செய்தி வேலையில் சோறு கிடைக்குமா என்றால் கிடைக்கும், ஆனால் நேரத்துக்குக் கிடைக்காது. முதல் சில ஆண்டுகளில் சம்பளமும் கையைக் கடிக்கும். பெல்வாகூட முதலில் தட்டச்சு வேலையில்தான் வயிற்றைக் கழுவினார், எழுத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆகவே பாப்பா இரண்டையும் வைத்துக்கொள்ளட்டும். நீங்கள் தடுக்க வேண்டாம், அவசரப்பட்டுக் கடனும் வாங்க வேண்டாம்.

அவளிடம் நான் ஒன்று மட்டும் கேட்கிறேன். உங்கள் புளோக்கில் லிப்ட் ஓடவில்லை என்று போன கூட்டத்தில் எல்லாரும் சத்தம் போட்டீர்களே, அதை அவள் எழுதட்டும். எந்தத் தேதியிலிருந்து ஓடவில்லை? எத்தனை மாடி? படியேற முடியாத முதியவர்கள் எத்தனை பேர்? யாரிடம் எத்தனை முறை புகார் கொடுத்தீர்கள், என்ன பதில் வந்தது? கேள்விப்பட்டதை எழுத வேண்டாம், போய்ப் பார்த்ததை எழுதட்டும். ஜாக்சன் நகரத்துத் தொண்டர்கள் எழுதிய மாதிரி, நாளும் நேரமும் போட்டு எழுதட்டும். நிர்வாகத் தரப்பிடமும் கேட்டு, அவர்கள் சொல்வதையும் சேர்க்கட்டும்.

அடுத்த ஞாயிறு கொண்டுவரச் சொல்லுங்கள். நான் உட்கார்ந்து படித்துத் திருத்தித் தருகிறேன். நன்றாக வந்தால் அவள் பெயரைப் போட்டே நம் பக்கத்தில் வெளியிடுவோம்.

வெளியே பசியாற வைத்திருக்கிறார்கள்.